உடம்புக்கும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சு

நாட்டில் இரட்டைப் பலன்காரர் என்றொரு இனம் பெருகிக்கொண்டு வருகிறது. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். இல்லவே இல்லை என்று இப்போதே சத்தியம் செய்துவிடாதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் செய்தாலும் சத்தியம் ஒன்றும் கெட்டுப்போகாது.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு வேலையைச் செய்து ஒரே ஒரு பலன் கிடைத்தால், யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இவருக்கு இருக்கும். பல் தேய்க்கும்போது மேல்வரிசைக்கு வலது காலிலும் கீழ்வரிசைக்கு இடது காலிலும் நிற்பார். பல்லும் வெளுக்கும், முழங்காலும் உறுதிப்படும். கல்யாணத்துக்குப் போனால் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு பந்திக்குப் பரிமாறுவார்; கல்யாண வீட்டாருக்கும் ஒத்தாசை, தோள்பட்டைக்கும் வேலை, அடிக் கணக்கிலும் மூவாயிரம் ஏறும். துக்க வீடு மூன்றாவது மாடியில் இருந்தால் லிஃப்டில் போகமாட்டார். உங்கள் மாமியார் உங்களைப் படுத்துகிற பாட்டை நீங்கள் போனில் ஒரு மணி நேரம் சொல்லி அழுதால், குறுக்கே பேசாமல் கேட்பார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைப்பீர்கள். அந்த ஒரு மணி நேரமும் அவர் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தார். அவருடைய கணக்கில் உங்கள் மாமியார் ஆறாயிரத்து இருநூறு அடி.

நம்பிக்கை வரவில்லையா? வாருங்கள், ஒருவரை நேரிலேயே பார்த்துவிடலாம்.

திருவண்ணாமலையை ஒட்டி, வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கும் அப்பாதுரை, ஓய்வு பெற்ற அரசு ஊழியர். வயது அறுபத்தொன்று. முப்பத்துநாலு வருடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர், ஓய்வு பெற்ற மறுநாள் எழுந்தார். அதற்குப் பிறகு உட்காரவில்லை. காரணம், மகன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம். மணி காட்டுவது அதற்கு உபதொழில்தான். எத்தனை அடி நடந்தார், எத்தனை கலோரி எரித்தார், இதயம் எப்படித் துடித்தது, தூக்கத்தில் எத்தனை முறை புரண்டார் என்று சொல்வதே அதன் முக்கிய வேலை. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார். அண்ணாமலையார் அருளும் கிடைக்கும், பதினாலு கிலோமீட்டரும் சேரும். ஒருமுறை வாயு லிங்கத்தைத் தாண்டும்போது கடிகாரத்தில் சார்ஜ் தீர்ந்துபோனது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மீதி நடையை அண்ணாமலையார் கணக்கில் வைத்துக்கொள்வார், சரி, கடிகாரம் வைத்துக்கொள்ளுமா? மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து வாயு லிங்கத்தில் இறங்கி, மீதி வழியை மறுபடி நடந்துவிட்டு வந்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

இப்பேர்ப்பட்டவர் ஒரு குழு ஆரம்பிக்காமல் இருப்பாரா? அருணை உடலுழைப்புத் தொண்டர் குழு பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் கூடி உடற்பயிற்சி செய்வார்கள். ஆனால் வீணாகக் கையைக் காலை ஆட்டமாட்டார்கள். ஊருக்கு உபயோகமான வேலையாகப் பார்த்து ஆட்டுவார்கள். குனிந்து நிமிர வேண்டுமா, கிரிவலப் பாதையில் காலி பாட்டில் பொறுக்குவார்கள். கையைத் தூக்கி இறக்க வேண்டுமா, பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். நல்ல யோசனைதானே? நல்ல யோசனைதான். நல்ல யோசனையைக் கெடுப்பதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். அந்தப் பொறுப்பை அப்பாதுரை ஏற்றுக்கொண்டார். வெள்ளையடித்த அன்று கையைத் தலைக்கு மேல் நீட்டும் பயிற்சி மட்டும்தான் அட்டவணையில் இருந்தது. குனியும் பயிற்சி அடுத்த வாரத்துக்கு. அடுத்த வாரம் பலருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அந்தச் சுவர் இன்றைக்கும் தோளுக்கு மேலே பளிச்சென்றும் தோளுக்குக் கீழே பழைய அழுக்கோடும் நிற்கிறது. "உடம்புக்கும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சு" என்பது குழுவின் முழக்கம். பனியன் முதுகில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

இந்தக் குழுவின் கண்ணில்தான் அடி அண்ணாமலையில் இருந்த ஒரு குட்டை பட்டது. சின்னக் குட்டைதான், பெரிய வீட்டு முற்றம் அளவு. வண்டல் சேர்ந்து சேர்ந்து தாம்பாளம் மாதிரி ஆகியிருந்தது. மழை பெய்தால் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். தை மாதத்திலேயே வற்றிவிடும். கரையோரம் மணியம்மாள் தன்னுடைய இரண்டு மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே அவருக்கு முக்கால் ஏக்கர் வேர்க்கடலை நிலம். குட்டை வற்றிவிட்டால் கோடை முழுக்க அந்த மாடுகளுக்கான தண்ணீர், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குழாயிலிருந்து மணியம்மாளின் இடுப்பில்தான் வர வேண்டும். ஊராட்சியில் தூர் வார அனுமதி கிடைத்துவிட்டது. ஆள்தான் இல்லை.

"எப்ப சார் முடிப்பீங்க? ஐப்பசி மழை புடிச்சிக்கிச்சினா அப்புறம் ஒரு வருசம் போச்சி" என்றார் மணியம்மாள்.

"நாலே ஞாயித்துக்கிழமைம்மா. முடிச்சிடுவோம்."

"போன வருசமும் இதே மாதிரி ஒரு குரூப்பு வந்துச்சி சார். போட்டா புடிச்சாங்க, டீ குடிச்சாங்க, போய்ட்டாங்க."

அப்பாதுரைக்குச் சுருக்கென்றது. மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "நாலு ஞாயித்துக்கிழமைல நான் இந்தக் குட்டையை முடிக்கலன்னா, இந்த வாட்சைக் கழட்டி உங்க மாட்டுக் கழுத்துல கட்டிடறேன். இவங்க இருபது பேரும் சாட்சி."

இருபது பேரும் திகைத்துப் போனார்கள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி மதிவதனி மட்டும் திகைக்கவில்லை. "என்னைக் கட்டி வைக்கிறேன்னு சொல்லாம வாட்சோட விட்டீங்களே" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டார்.

முதல் ஞாயிறு வந்தது. குழுவில் ஓர் ஆள் இருந்தார், நசீருதீன் பாய். மூன்று தலைமுறையாக ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். டாக்டர் நடக்கச் சொன்னதால் குழுவில் சேர்ந்தார். அடிக் கணக்கில் அப்பாதுரைக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். அவர் கடையிலிருந்து இருபது இரும்புச் சட்டியும் பத்து மண்வெட்டியும் கொண்டுவந்து இறக்கினார். ஆனால் தசையைச் சூடு பண்ணாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது என்று அப்பாதுரை சொல்லிவிட்டார். கழுத்துக்குப் பத்து நிமிடம், தோளுக்குப் பத்து நிமிடம், கணுக்காலுக்குக் கால் மணி. பிறகு உறுதிமொழி. பிறகு 'வேலைக்கு முன்' என்ற தலைப்பில் போட்டோ. தசையெல்லாம் நன்றாகச் சூடாகிவிட்டது, வெயிலும் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டை ஆற்றுவதற்குப் பதினைந்து நிமிடம் போனது. ராகிக் கூழ் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

இரண்டாவது ஞாயிறு உண்மையிலேயே வேலை நடந்தது. குட்டையின் நடுவிலிருந்து கரை வரைக்கும் இருபது பேரும் வரிசையாக நின்று, மண் நிரம்பிய சட்டியை இடது பக்கத்து ஆளிடம் வாங்கி வலது பக்கத்து ஆளிடம் கொடுத்து, கொடுத்து, கொடுத்து, அறுபது சட்டி மண்ணைக் கரையேற்றிவிட்டார்கள். மணியம்மாளே மூக்கில் விரலை வைத்தார். அப்போதுதான் அப்பாதுரை விசிலை ஊதினார்.

"எல்லாரும் வலது பக்கமா மட்டும்தான் திரும்பறோம். இப்படியே போனா இடுப்பு ஒரு பக்கமா கோணிக்கும். இடது பக்கத்துக்கும் அறுபது பண்ணணும்."

"அவ்ளோதானே சார், எல்லாரும் எதிர்ப்பக்கம் பாத்து நின்னா இடது பக்கம் ஆயிடுது" என்றார் நசீருதீன்.

"அது எப்படி பாய்? வெயில் முதுகுல இல்ல படும். காலை வெயில் முகத்துலயும் நெஞ்சுலயும் படணும். வைட்டமின் டி-யை யாராவது விடுவாங்களா?"

"அப்ப வேற இன்னா பண்றது?"

"சட்டியைத் திருப்பி அனுப்புவோம்."

"காலிச் சட்டியா?"

"காலிச் சட்டியைத் தூக்கறதுல என்ன பாய் பலன் இருக்குது?"

கரையேறிய அறுபது சட்டி மண்ணும் வலமிருந்து இடமாக, கைக்குக் கை மாறி, ஒன்று தவறாமல் குட்டைக்குள் திரும்பி வந்தது. எல்லாரும் உரக்க எண்ணினார்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. கைதட்டல்.

மணியம்மாள் மாட்டை விட்டுவிட்டு இறங்கி வந்தார். "ஏன் சார், மேல போன மண்ணு திரும்பக் கீழ வருதே, எதனா மறந்து வச்சிட்டு வந்துட்டுதா?"

"அது இடது பக்கத்துக்கும்மா."

"யாரு இடது பக்கத்துக்கு? குட்டைக்கா?"

அப்பாதுரை கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் குழுவின் வாட்ஸப்பில் அறிக்கை வந்தது: 'இன்று நமது குழுவினரால் நூற்றிருபது சட்டி மண் தூக்கப்பட்டது.' யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு வார்த்தை பொய் உண்டா?

மூன்றாவது ஞாயிறு எல்லாருக்கும் வேலை பழகிவிட்டது. உற்சாகம் தாங்கவில்லை. நூற்று நாற்பது சட்டி மேலே போனது. இறக்கம் ஏற்றத்தைவிடச் சுலபம் இல்லையா, அந்த வேகத்தில் கரை மண்ணும் சேர்ந்து நூற்று ஐம்பத்திரண்டு சட்டி கீழே வந்தது. நசீருதீன் முதல் வாரம் அடையாளம் வைத்திருந்த குச்சியைக் குட்டைக்குள் நட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். வியாபாரி கண் தப்பாது.

"சார், நாம தோண்டத் தோண்ட குட்டை மேல ஏறிக்கினு வருது" என்றார்.

சனிக்கிழமை மாலை டிவியில் மழைச் செய்தி சொன்னார்கள். ஞாயிறு பிற்பகலிலிருந்து மழை தொடங்கும், திங்கட்கிழமை வலுக்கும். அப்பாதுரை சோபாவில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மதிவதனிக்குப் பயமே வந்துவிட்டது.

அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கடிகாரம் போவதில் மட்டும் இல்லை. கொளுத்துகிற வெயிலில் மணியம்மாள் இடுப்பில் குடத்தோடு நடந்து வருவது கண்ணெதிரே நின்றது. வாக்குக் கொடுத்துவிட்டு அந்த அம்மாளை ஏமாற்றிவிட்டோமே என்று உறுத்தியது. குடத்தை ஒரு நாள் வலது இடுப்பிலும் ஒரு நாள் இடது இடுப்பிலும் மாற்றி வைத்துக்கொள்ளும்படியாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"லெஃப்டு ரைட்டுனு பாக்காம மண்ணை வெளிய கொட்டிட்டு வந்துடுங்களேன்" என்றார் மதிவதனி.

"உனக்குப் புரியாது மதி. இருபது பேரோட இடுப்புக்கு நான் பொறுப்பு."

நாலாவது ஞாயிறு விடியும்போதே மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. வரிசையில் நின்ற நசீருதீன் மேலே பார்த்தார். "இன்னிக்கு வெயிலே இல்ல சார். இப்பவாவது திரும்பி நிக்கலாமா?"

"மேகத்தைத் தாண்டியும் கொஞ்சம் வரும் பாய்."

விசிலை வாயில் வைக்கப் போனபோது மணியம்மாள் எதிரில் வந்து நின்றார். மூன்று வாரமாக மாடு மேய்த்துக்கொண்டே இவர்களைப் பார்த்தவர், மூன்று வாரமாக யோசித்தும் வைத்திருந்தார்.

"சார், உங்க வாட்சு நின்னா எண்ணுமா, நடந்தா எண்ணுமா?"

"நடந்தாத்தாம்மா எண்ணும்."

"அப்ப இப்புடி லைன்ல நின்னுக்கினு கைமாத்திக்கினு இருந்தா அடி ஒண்ணும் ஏறாதே."

மணியம்மாள் சொன்னது எல்லாருக்கும் தெரிந்ததுதான். போன ஞாயிறு இரண்டு மணி நேரத்தில் அப்பாதுரை நடந்தது நாற்பத்தோர் அடி. அதில் இருபது, கூழ் வாங்கப் போனது. வெளியே சொல்ல முடியாமல் ஒரு வாரமாக அந்தத் துக்கத்தை அவர் மனதுக்குள் வைத்திருந்தார்.

"இங்கேருந்து எங்க நிலத்துக்கு நானூறு அடி. போக வர எண்ணூறு. வண்டல் மண்ணு வேர்க்கல்லச் செடிக்கு நல்ல எரு. தோள்ல சொமந்துக்கினு போய்க் கொட்னா, பத்து நடைக்கு எட்டாயிரம் ஆச்சா?"

அப்பாதுரையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே மங்கியது. "எல்லாம் வலது தோள்லயே போயிடுமேம்மா. இடது தோளுக்கு?"

"அதுக்குத்தான் அந்தப் பக்கம் எங்க ஓரகத்தி சந்திரம்மா நிலம் இருக்குதே. அதுவும் நானூறு அடிதான். வலது தோளுக்கு எங்க நிலம், இடது தோளுக்கு அவ நிலம். ஆனா ஒண்ணு சார். அவ நிலத்துல கொட்ன மண்ணைத் திருப்பி எடுக்கப் போனீங்கன்னா வுடமாட்டா. அவளுக்கு வாய் ஜாஸ்தி."

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க மூச்சு போதாது. கழுத்துப் பயிற்சி இல்லை, உறுதிமொழி இல்லை, போட்டோ எடுக்க ஆள் இல்லை. இருபது பேரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வலது தோளில் கிழக்கே ஓடி, திரும்பி வந்து, இடது தோளில் மேற்கே ஓடி, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் எட்டிப் பார்த்து, நசீருதீன் பாய் பன்னிரண்டாயிரம் என்றதும் அப்பாதுரை குறுக்கு வழியை விட்டுவிட்டுச் சுற்று வழியில் நடந்து, அதைப் பார்த்து மற்றவர்களும் சுற்று வழியில் நடந்து, ஊர்க்காரர்கள் எங்கள் நிலத்துக்கும் வண்டல் வேண்டும் என்று ஆளுக்கொரு சட்டியோடு வந்து சேர்ந்துகொண்டு, சந்திரம்மாள் வரப்பில் நின்று "இப்புடிக் கொட்டாத, அப்புடிக் கொட்டு" என்று எல்லாரையும் விரட்டி, மதியம் மூன்று மணிக்குக் குட்டையின் நடுவில் நின்றால் அப்பாதுரைக்கு இடுப்பு வரை மறைந்தது. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

கடிகாரம் முப்பத்தோராயிரத்து நானூறு காட்டியது. அப்பாதுரைக்கு வாழ்நாள் சாதனை. மழையில் நனைந்துகொண்டே சிரித்தார். "குட்டை முடிஞ்சுதும்மா. வாட்சு தப்பிச்சுது."

"குட்டை முடிஞ்சுது சார்" என்றார் மணியம்மாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. "முடிச்சது யாரு?"

அப்பாதுரை சாட்சிகளைப் பார்த்தார். சாட்சிகள் மழையைப் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு நாள் கட்டுங்க சார், போதும். எங்க செவலை எவ்ளோ நடக்குதுனு எனக்கும் தெரியணும்."

மழை விட்ட வியாழக்கிழமை காலையில் அப்பாதுரை அடி அண்ணாமலைக்கு வந்து, பெற்ற பிள்ளையை விடுதியில் விடுகிறவர் போலக் கடிகாரத்தைக் கழற்றி, செவலைப் பசுவின் கழுத்து மணிக்கயிற்றில் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார். குட்டையில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. மறுநாள் வந்து கழற்றிப் பார்த்தார். பசு பத்தாயிரத்து முந்நூறு அடி நடந்திருந்தது. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்த அப்பாதுரைக்கு அன்று மனதுக்குள் எண்ணியதில் நாலாயிரம்கூடத் தேறவில்லை. கடிகாரம் அவர் பெயரில் இருந்ததால், அடிகள் தாமாகவே ஏறும் குழுவின் பட்டியலில் அன்றைக்கும் அவர்தான் முதல். நசீருதீன் பாய் வாழ்த்து அனுப்பியிருந்தார்.

உண்மையைச் சொல்லியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? சொன்னால் ஒரு பலன்கூட இல்லை. சொல்லாமல் விட்டால் இரண்டு: இவருக்கு முதலிடம், பாய்க்கு இன்னும் வேகமாக நடக்க ஓர் ஊக்கம். இப்போது வியாழக்கிழமைதோறும் கடிகாரம் அடி அண்ணாமலைக்குப் போய்விடுகிறது. மாட்டின் ஆரோக்கியத்தைக் கண்காணிக்கும் சேவை என்று மதிவதனியிடம் சொல்லியிருக்கிறார். கடிகாரத்தைத் திருப்பி வாங்க வருகிற நாளில், சும்மா வருவானேன் என்று மணியம்மாளின் வீட்டுத் தொட்டியில் பத்துக் குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் போகிறார், வலது இடுப்பில் ஐந்து, இடது இடுப்பில் ஐந்து. மணியம்மாளுக்கோ குட்டை தூர் வாரியாயிற்று, நிலத்துக்கு எரு போட்டாயிற்று, பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஓரகத்தியோடு பேச்சும் வந்தாயிற்று, தண்ணீருக்கு ஆளும் கிடைத்தாயிற்று. அவர் கையில் கடிகாரமே கிடையாது.

நீங்கள் சிரித்தீர்களா? நல்லது. சிரித்தால் வயிற்றுத் தசைக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டுத்தான் இந்த மாதிரிக் கட்டுரையாகத் தேடிப் படிக்கிறீர்கள் என்பதும் தெரியும். இதைச் சும்மா உட்கார்ந்தா படித்தீர்கள்? அடுப்பில் குக்கர் எத்தனையாவது விசில் என்று எண்ணிக்கொண்டே படித்தவர்கள் உண்டு. மொட்டை மாடியில் நடந்துகொண்டே படித்து, மணியம்மாள் வந்த இடத்தில் துணிக்கொடியில் முட்டிக்கொண்டவர்கள் உண்டு. முதலிலேயே ஒரு சத்தியத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன் அல்லவா, இப்போது அதைத் தாராளமாகச் செய்யலாம். அதற்கு முன்னால் ஒன்று. ரொம்ப நேரமாக வலது காலிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள். இடது காலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.